80 சதவீதம் கவரேஜ் காட்டச் சொல்கிறார்கள், எதற்கு டெஸ்ட் எழுதினால் சீக்கிரம் ஏறும்?

கேள்வி: ஜனவரி 6, மாலை 6:12

ஜாவா புராஜெக்ட், ஏழு வருடப் பழசு. இதுவரை கவரேஜ் (டெஸ்ட் ஓடும்போது புரோகிராமின் எத்தனை சதவீத வரிகள் ஓடுகின்றன என்ற கணக்கு) பற்றி யாரும் வாயே திறந்ததில்லை. கிளையன்ட் பக்கம் புது மேனேஜர் வந்தார், 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பில்டு ஃபெயில் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். இப்போது 61-இல் நிற்கிறோம். கையில் இரண்டு ஸ்பிரிண்ட். எந்த கிளாஸ்களுக்கு டெஸ்ட் எழுதினால் சீக்கிரம் ஏறும்? இன்னொன்று, டீமில் ஒருவர் "கவரேஜ் எல்லாம் கண்துடைப்பு, 90 காட்டிய புராஜெக்டிலும் பக் வந்ததைப் பார்த்திருக்கிறேன்" என்கிறார். அது உண்மையா?

பதில்: ஜனவரி 6, இரவு 11:40

சீக்கிரம் ஏற வேண்டும் என்றால் வழி சுலபம். ரிப்போர்ட்டில் மிஸ் ஆன வரிகளின் எண்ணிக்கையை வைத்து கிளாஸ்களை வரிசைப்படுத்துங்கள். மேலே வருபவற்றில் இஃப்-எல்ஸ் அதிகம் இல்லாத, சும்மா நீளமான மெத்தடுகளாகப் பார்த்து ஒவ்வொன்றையும் ஒரு முறை கூப்பிட்டுவிடுங்கள். மேப்பர், கன்வர்ட்டர், ரிப்போர்ட் பில்டர் மாதிரி ஆட்கள்தான் ஒரே அழைப்பில் நூறு இருநூறு வரி தருவார்கள். ஒரு வாரத்தில் 80 வந்துவிடும். நானே செய்திருக்கிறேன், அந்தக் கதை பிறகு.

ஆனால் அப்படி ஏற்றிய 80-இல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கவரேஜ் டூலுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: டெஸ்ட் ஓடியபோது இந்த வரி ஓடியதா, இல்லையா. ஓடிய வரி சரியான விடையைத் தந்ததா என்று யாராவது பார்த்தார்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அசெர்ட் (விடை சரியா என்று பார்க்கும் வரி) ஒன்றுகூட இல்லாத டெஸ்டுக்கும் முழுப் பச்சை கொடுத்துவிடும். (ரிப்போர்ட்டில் ஓடிய வரி பச்சை, ஓடாத வரி சிவப்பு.)

கரண்ட் பில்லை வைத்துச் சொல்கிறேன், எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு ஒரு மெத்தட்: யூனிட் > 100 என்றால் (யூனிட் − 100) × விகிதம், இல்லையென்றால் பூஜ்யம். 60-க்கு ஒரு டெஸ்ட், 150-க்கு ஒரு டெஸ்ட். வரியிலும் 100 சதவீதம், பிராஞ்சிலும் 100 சதவீதம். (பிராஞ்ச் என்றால் கிட் பிராஞ்ச் இல்லை. இஃப் உண்மையாகவும் பொய்யாகவும் இரண்டு பக்கமும் போனதா என்ற கணக்கு.) இப்போது யாராவது அந்த > குறியை >= என்று மாற்றிவிட்டால் இரண்டு டெஸ்டும் பாஸ்தான். விளிம்பில் நிற்கும் 100-ஐ யாருமே தொட்டுப் பார்க்கவில்லை.

அதனால் உங்கள் டீம்காரர் சொன்னது பாதி உண்மை. 90-இலும் பக் வரும். மீதி 10 எங்கே கிடக்கிறது என்று அவர் திறந்து பார்த்தாரா என்று கேளுங்கள்.

ஜனவரி 7, காலை 8:05

நேற்று எழுதியதைப் படித்தால் கவரேஜே வேண்டாம் என்று சொன்ன மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. பச்சை வரி எதையும் நிரூபிக்காது, ஆனால் சிவப்பு வரி நிரூபிக்கும்: அந்த வரியை உங்கள் டெஸ்ட் எதுவும் தொடவில்லை என்பது சந்தேகமில்லாத உண்மை. கவரேஜ் ரிப்போர்ட்டில் இருக்கும் ஒரே உறுதியான தகவல் அதுதான். எல்லோரும் மேலே பெரிய எழுத்தில் இருக்கும் சதவீதத்தைப் பார்த்துவிட்டு டேபை மூடிவிடுகிறார்கள்.

எனக்கு இது உறைத்தது ஒரு ரீஃபண்ட் விஷயத்தில். பேங்க் கேட்வேயைக் கூப்பிடும் மெத்தட், பிழை வந்தால் கேட்ச் பிளாக்கில் நாலு வரி. முதல் வரி, வந்த பதிலின் ஸ்டேட்டஸ் கோடை லாகில் எழுதுகிறது. இரண்டாவது வரி, மறுமுயற்சிக்கான கொடியை ஏற்றுகிறது. டைம்அவுட் ஆனால் பதில் என்று ஒன்று வரவே வராது, அங்கே நல்தான் (null, ஒன்றுமில்லை என்ற மதிப்பு) இருக்கும். ஆக, லாக் எழுதப் போன முதல் வரியே நல் பாயின்டரில் விழுந்தது, கொடி ஏறவில்லை, ரீஃபண்ட் "செயலில் உள்ளது" என்ற நிலையிலேயே உறைந்துபோனது. கஸ்டமர் கேரிலிருந்து மெயில் வந்து, தேடிக் கண்டுபிடித்து, அப்புறம் ஒரு ஆர்வத்தில் பழைய ரிப்போர்ட்டுகளைத் திறந்து பார்த்தேன். அந்த நாலு வரியும் முதல் நாளிலிருந்தே சிவப்பு. புராஜெக்டின் கவரேஜ் 88. நாலு வரி சதவீதத்தில் தெரியவா போகிறது?

எனவே கேள்வி கேட்டவருக்கு: முதலில் கேட்ச் பிளாக்குகளின் சிவப்பைப் பாருங்கள். பில்டர், மேப்பர் எல்லாம் அப்புறம்.

ஜனவரி 7, மதியம் 1:20

ஒருவர் சுட்டிக்காட்டியது சரி, என் 100 யூனிட் உதாரணம் ஓட்டை. >= என்று மாற்றினாலும் 100-இல் (100 − 100) × விகிதம், பூஜ்யம்தான். இரண்டில் எதை எழுதினாலும் எல்லா எண்ணுக்கும் ஒரே விடை. இல்லாத பக்கைப் பிடிக்க டெஸ்ட் இல்லையே என்று நேற்று இரவு வருத்தப்பட்டிருக்கிறேன். வேலை முடிந்ததும் சரியான உதாரணத்தோடு வருகிறேன்.

ஜனவரி 7, இரவு 10:50

நான் எடுத்திருக்க வேண்டியது 100 இல்லை, 500.

மீட்டர் பார்க்க ஆள் வரும் வாரத்தில் "500 தாண்டிவிட்டதா" என்று வீட்டில் ஏன் பதறுகிறார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (அதன்பின் விகிதம் ஏறிவிட்டது, அமைப்பு அதேதான்). 500 யூனிட் வரை என்றால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். கூட்டினால் 225 + 900 + 600, அதாவது 1,725. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் அந்த 2.25 ஸ்லாபே காணாமல் போய்விடும், 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.50. கணக்கு 1,350 + 600 + 8, ஆக 1,958. ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்.

இதை புரோகிராம் கோடாக எழுதினால் உச்சியில் ஒரு இஃப்: யூனிட் > 500 என்றால் இந்த அட்டவணை, இல்லையென்றால் அந்த அட்டவணை. 300-க்கும் 700-க்கும் டெஸ்ட் எழுதுங்கள். அந்த இஃபுக்கு இரண்டு பக்கமும் பச்சை. இப்போது > என்பதை >= ஆக்கினால், சரியாக 500-இல் நிறுத்தி வைத்த ஆளுக்கு அட்டவணை மாறி 1,950 ரூபாய் பில் போகும். 225 ரூபாய் அதிகம். கவரேஜ் ரிப்போர்ட் அப்படியே பச்சையாக இருக்கும்.

இப்படி வேண்டுமென்றே ஒரு குறியை மாற்றிப் பார்த்து, எந்த டெஸ்டாவது அழுகிறதா என்று பார்ப்பதற்குத்தான் மியூட்டேஷன் டெஸ்டிங் என்று பெயர். டிமில்லோ, லிப்டன், சேவர்ட் என்ற மூவர் 1978-இலேயே எழுதிய யோசனை. அப்போது ஓட்டிப் பார்க்க மெஷினுக்குத் தெம்பு இல்லை. இன்று ஜாவாவுக்கு பிட், ஜாவாஸ்கிரிப்டுக்கு ஸ்ட்ரைக்கர், பைத்தானுக்கு மியூட்மட் என்று டூல்கள் இருக்கின்றன. மாற்றியதும் டெஸ்ட் விழுந்தால் அந்த மியூட்டன்ட் செத்தது, விழாவிட்டால் பிழைத்தது. பிழைத்தவர்களின் பட்டியல்தான் நமக்கு வேண்டியது.

அப்புறம், மதியம் நான் மாட்டிக்கொண்ட 100 யூனிட் சமாச்சாரத்துக்கும் இந்தத் துறையில் பெயர் இருக்கிறது: சமான மியூட்டன்ட். மாற்றினாலும் நடத்தை மாறாது, ஆகவே எந்த டெஸ்டாலும் கொல்ல முடியாது. மியூட்டேஷன் டூல் போட்ட எல்லோரும் முதல் வாரத்தில் இப்படி ஒன்றோடு அரை நாள் மல்லுக்கட்டியிருப்பார்கள். நான் டூலே போடாமல் மல்லுக்கட்டினேன்.

ஜனவரி 8, காலை 9:15

"அப்படியானால் கவரேஜைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராக மியூட்டேஷனுக்குப் போகலாமே" என்று கேட்டவருக்கு: பிட் உள்ளே முதலில் செய்வதே கவரேஜ் எடுப்பதுதான். எந்த டெஸ்ட் எந்த வரியைத் தொடுகிறது என்று தெரிந்தால்தான் மாற்றிய வரிக்குச் சம்பந்தமான டெஸ்டுகளை மட்டும் ஓட்ட முடியும். எந்த டெஸ்டும் தொடாத வரியில் மியூட்டன்டை ஓட்டிப் பார்க்கக்கூட வேண்டாம், "கவரேஜ் இல்லை" என்று நேராக எழுதிவிடும். கவரேஜ் இல்லாமல் இது நகராது.

ஜனவரி 9, மாலை 7:30

மேலே ஒருவர் "100 சதவீதம் தவிர மற்ற எல்லாம் ஏமாற்று, எஸ்கியூலைட்டைப் பாருங்கள்" என்று கொதித்திருந்தார். பார்த்தேன், பலமுறை பார்த்திருக்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த டேட்டாபேஸ் புராஜெக்ட் அது. உங்கள் போனில் இந்த நிமிடம் எத்தனை இடத்தில் அது ஓடுகிறதோ தெரியாது. 3.42 பதிப்பில் மூலக் கோடு சுமார் 1,55,800 வரிகள், டெஸ்ட் கோடு 9 கோடியே 20 லட்சம் வரிகள். ஏறத்தாழ 590 மடங்கு. வரி, பிராஞ்ச் மட்டும் இல்லை, எம்சி/டிசி என்ற அளவிலும் 100 சதவீதம் காட்டுகிறார்கள்.

எம்சி/டிசி என்பது விமானக்காரர்களின் அளவு. விமான மென்பொருளுக்கான டிஓ-178பி என்ற விதித்தொகுப்பு 1992-இல் வந்தது, 2011-இல் அது டிஓ-178சி ஆனது. பழுதானால் விமானமே போய்விடும் என்ற ஏ நிலைக் கோடுக்கு எம்சி/டிசி கட்டாயம், பி நிலைக்கு முடிவுகளின் கவரேஜ், சி நிலைக்கு வரிகள் ஓடினால் போதும். எம்சி/டிசி கேட்பது இதுதான்: ஒரு இஃபுக்குள் மூன்று நிபந்தனைகள் இருந்தால், ஒவ்வொரு நிபந்தனையும் தனியாக, மற்றவை அசையாமல் இருக்க, முடிவைப் புரட்டிக் காட்ட வேண்டும். மூன்று நிபந்தனைக்கு எட்டுச் சேர்க்கைகளையும் ஓட்ட வேண்டியதில்லை, சரியாகப் பொறுக்கினால் நாலு டெஸ்ட் போதும். சிரமம் அந்த நாலைப் பொறுக்குவதில்தான்.

ஆனால் அதே எஸ்கியூலைட்காரர்கள் தங்கள் பக்கத்திலேயே வெளிப்படையாக ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள், கொதித்த நண்பர் அதைப் படித்த மாதிரித் தெரியவில்லை. 100 சதவீதத்தைத் துரத்தும்போது தற்காப்புக்காக எழுதும் கோடு குறைந்துவிடுகிறது. "இது நடக்கவே நடக்காது, இருந்தாலும் ஒரு செக் போட்டு வைப்போம்" என்று எழுதும் இஃபை எந்த டெஸ்டாலும் ஓட வைக்க முடியாது, அப்படியே விட்டால் சதவீதம் விழும். ஆக, செக்கை எடுத்துவிடத் தோன்றும். கண்டதையும் உள்ளே அள்ளிக் கொட்டும் ஃபஸ் டெஸ்டிங் நேரெதிர், அதற்குத் தற்காப்புக் கோடு எவ்வளவு இருந்தாலும் நல்லது. இந்த இழுபறிக்காகவே அவர்கள் ஆல்வேஸ், நெவர் என்று தனி மேக்ரோக்கள் வைத்திருக்கிறார்கள், கவரேஜ் எடுக்கும் பில்டில் அந்த செக்குகள் மறைந்துவிடும். இவ்வளவு டெஸ்ட் இருந்தும் ஃபஸ்ஸர்கள் அங்கே பக் கண்டுபிடித்தன என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

அந்த 590 மடங்கை உங்கள் மேனேஜரிடம் எஸ்டிமேட்டாகக் கொடுத்துப் பாருங்கள்.

ஜனவரி 9, இரவு 9:02

சிரிப்புக்கு ஒன்று. சேல்ஸ்ஃபோர்ஸில் ஏபெக்ஸ் கோடு புரொடக்‌ஷனுக்குப் போக 75 சதவீதம் கவரேஜ் கட்டாயம், அதற்குக் கீழே இருந்தால் மேடையே ஏற்றாது. அந்த உலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த மெத்தட் தெரிந்திருக்கும்: ஐ என்று ஒரு எண், அதன் கீழே ஐ பிளஸ் பிளஸ், ஐ பிளஸ் பிளஸ், ஐ பிளஸ் பிளஸ் என்று இருநூறு வரி. டெஸ்டில் அதை ஒரு முறை கூப்பிட்டால் இருநூறு வரி பச்சை. சிவப்பு வரிகளை அப்படியே விட்டுவிட்டு மொத்தத்தை ஊதி சதவீதத்தை ஏற்றும் கலை.

ஜனவரி 11, ஞாயிறு மதியம்

மழை, வெளியே போக முடியவில்லை. ஐ பிளஸ் பிளஸைக் கிண்டல் செய்த பிறகு என் கதையையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

பல வருடம் முன்பு, வேறு ஒரு கம்பெனி. கேட் (இதற்குக் கீழே இருந்தால் பில்டு ஃபெயில் என்ற அளவு) 85, நாங்கள் 64. ஆடிட்டுக்கு ஐந்து நாள். நானும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். முதல் நாள் நான் ஒரே ஒரு டெஸ்ட் எழுதினேன்: ரிஃப்ளெக்‌ஷன் வைத்து ஒரு பேக்கேஜில் உள்ள எல்லா கிளாஸையும் தேடி, கெட்டர் செட்டர் (மதிப்பை எடுக்கவும் வைக்கவும் மட்டும் உள்ள குட்டி மெத்தடுகள்) எல்லாவற்றையும் கூப்பிட்டுவிடும். பன்னிரண்டு புள்ளி ஏறியது. அதைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. மீதி நாட்களில் சர்வீஸ் கிளாஸ்கள். எல்லாவற்றையும் மாக் செய்து (நிஜத்துக்குப் பதில் போலிகளை வைத்து), மெத்தடைக் கூப்பிட்டு, வந்தது நல் இல்லை என்று ஒரு அசெர்ட். அதே டெஸ்டைக் காப்பி, பேர் மாற்று, அடுத்தது. 87-இல் முடித்தோம். லீட் பாராட்டி மெயில் போட்டார்.

ஆறு மாதம் கழித்து ஏஜென்ட் கமிஷன் கணக்கில் பைசா பைசாவாகக் குறைகிறது என்று டிக்கெட். ரவுண்ட் செய்ய வேண்டிய இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தது. டிக்கெட் போனது புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம். கெட்டிக்காரன், ஆனாலும் ஒன்றரை நாள் ஆனது. ஏன் என்று கேட்டேன். "அந்த மெத்தட் முழுப் பச்சையா இருந்துச்சுண்ணா, டெஸ்ட் வேற இருக்கு, அதனால அங்க இருக்காதுன்னு டேட்டாபேஸ் பக்கம் தேடினேன்" என்றான். அந்த டெஸ்டின் மேலே என் பெயர். உள்ளே ஒரே அசெர்ட், நல் இல்லை. கமிஷன் நல்லாக இல்லாமல்தான் இருந்தது, தப்பாக இருந்தது அவ்வளவுதான்.

டெஸ்டே இல்லாமல் சிவப்பாக விட்டிருந்தால் அவன் முதலில் அங்கேதான் போயிருப்பான். இதை அவனிடம் நான் அப்போது சொல்லவில்லை.

ஜனவரி 12, காலை 7:50

ஒரு திருத்தம், நேற்று என்னையே கொஞ்சம் அதிகமாகத் திட்டிவிட்டேன். அந்த டம்மி டெஸ்டுகளில் இரண்டு, ஒரு லைப்ரரியை அப்கிரேட் செய்தபோது வெடித்து, பில்டிலேயே எங்களைக் காப்பாற்றின. சும்மா கூப்பிடுவதும் "கூப்பிட்டால் வெடிக்காது" என்பதையாவது சோதிக்கிறது. கெட்டர் டெஸ்டுக்கு மட்டும் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஜனவரி 13, மாலை 6:40

கேள்வி கேட்டவர் திரும்பி வந்துவிட்டார். டெஸ்ட் எழுத ஆரம்பித்து 66 வரை போனதாம், நேற்று மெர்ஜ் ஆனதும் 0 சதவீதமாம். டெஸ்ட் எல்லாம் பாஸ். பதறாதீர்கள், இது எனக்கே இரண்டு முறை நடந்தது. ஜாவாவுக்குக் கவரேஜ் எடுக்கும் ஜாகோகோ என்பது, ஜாவா புரோகிராமை ஓட்டும் ஜேவிஎம்முக்குள் நுழையும் ஒரு ஏஜென்ட், கிளாஸ் லோடாகும்போது பைட்கோடில் ஆங்காங்கே உளவுப்புள்ளிகளைச் செருகும். அந்த ஏஜென்டை ஏற்றச் சொல்லும் கட்டளை மேவன் என்ற பில்டு டூலில் ஆர்க்லைன் என்ற பிராப்பர்ட்டி வழியாகத்தான், டெஸ்டுகளை ஓட்டும் சர்ஃபயருக்குப் போகிறது. யாரோ மெமரி பற்றவில்லை என்று சர்ஃபயர் கான்ஃபிகரேஷனில் ஆர்க்லைனை நேராக எழுதியிருப்பார்கள், பழையதை அது மிதித்துவிடும். பழைய மதிப்பையும் சேர்த்துக்கொள்ளும்படி, ஆட் (@) குறியும் நெளிவு அடைப்பும் போட்டு ஆர்க்லைனைக் குறிப்பிட்டு, அதன் பின்னால் மெமரி அளவை எழுதினால் சரியாகிவிடும்.

ஜாகோகோவில் இன்னொரு குழப்பமும் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். எக்செப்ஷன் வீச வேண்டும் என்று எதிர்பார்த்து டெஸ்ட் எழுதுவீர்கள், டெஸ்ட் பாஸ் ஆகும், ஆனால் வீசிய மெத்தடைக் கூப்பிட்ட வரி சிவப்பாகவே இருக்கும். அந்த வரி ஓடவில்லை என்று அர்த்தம் இல்லை. உளவுப்புள்ளி அந்த அழைப்புக்குப் பின்னால் இருக்கிறது, எக்செப்ஷன் அதைத் தாண்டிக் குதித்துவிட்டது. இப்போது போய், சிவப்பு வரி சந்தேகமில்லாத உண்மை என்று 7-ஆம் தேதி காலையில் நான் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்துவிடுங்கள். பெரும்பாலும் உண்மை என்று வைத்துக்கொள்வோம்.

சி-யிலும் இதே மாதிரி உண்டு. முதல் வேலையில் ஒரு டீமனுக்கு (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்) ஜிகாவ் என்ற கவரேஜ் டூல் போட்டேன், ஓடாத வரிகளின் இடப்பக்கம் ##### என்று போடும் அதேதான். மூன்று நாள் டெஸ்ட், முடிவில் மொத்தக் கோப்பும் #####. ஜிகாவ் எண்ணிக்கைகளை மெமரியில் வைத்திருந்து புரோகிராம் ஒழுங்காக முடியும்போதுதான் ஜிசிடிஏ கோப்பில் எழுதும். எங்கள் டீமன் முடிவதே இல்லை, டெஸ்ட் ஸ்கிரிப்ட் கடைசியில் கில் −9 போட்டுக் கொன்றது. செத்தவன் எங்கே கணக்கு எழுதுவான். சிக்னலைப் பிடித்து எக்ஸிட் கூப்பிடும் ஐந்து வரி சேர்த்ததும் 71 சதவீதம் வந்தது.

ஜனவரி 14, இரவு 11:10

பொங்கல் லீவு, தூக்கம் வரவில்லை. சிவப்பு, பச்சை பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு 2014-இன் இரண்டு பக்குகள்தான் ஞாபகம் வரும்.

பிப்ரவரியில் வந்தது ஆப்பிளின் கோட்டூ ஃபெயில். டிஎல்எஸ் என்ற பாதுகாப்பான இணைப்பில் சர்வரின் கையெழுத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷனில் ஒரு இஃபுக்குக் கீழே "கோட்டூ ஃபெயில்" என்ற வரி இரண்டு முறை விழுந்திருந்தது. முதலாவது இஃபுக்குச் சொந்தம், இரண்டாவது யாருக்கும் சொந்தமில்லை, எப்போதும் ஓடும். அதற்குக் கீழே இருந்த, உண்மையான சரிபார்ப்பைச் செய்யும் வரிகளுக்கு யாரும் போகவே முடியாது. பிழை எண் பூஜ்யமாகவே இருந்ததால் எல்லாம் சரி என்று திரும்பியது. அந்த ஃபங்ஷனுக்குக் கவரேஜ் எடுத்திருந்தால், எத்தனை டெஸ்ட் எழுதினாலும் கீழ்ப் பாதி பிடிவாதமாகச் சிவப்பாக நின்றிருக்கும்.

ஏப்ரலில் ஹார்ட்ப்ளீட். பாதுகாப்பான இணைப்புகளுக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் ஹார்ட்பீட் செய்தியில், அனுப்பியவர் சொன்ன நீளத்தை நம்பி அவ்வளவு மெமரியைத் திருப்பி அனுப்பியது. உண்மையில் வந்த செய்தி அவ்வளவு நீளமா என்று பார்க்கும் செக் இல்லை. இரண்டு வருடம் அப்படியே இருந்தது. இங்கே இருந்த வரிகள் அத்தனையும் ஓடியிருக்கலாம், முழுப் பச்சையாக இருந்திருக்கலாம். இல்லாத வரிக்கு எந்த டூல் என்ன நிறம் அடிக்கும்?

ஜனவரி 19, மாலை 7:15

கேள்வி கேட்டவரின் புது நிலவரம்: 0 சரியாகி, இப்போது 74. அதில் ஐந்து புள்ளி டெஸ்ட் எழுதாமலே வந்ததாம், தானாக உருவாகும் கோடையும் டிடிஓக்களையும் (தகவலைச் சுமக்க மட்டும் உள்ள கிளாஸ்கள்) கணக்கிலிருந்து விலக்கியதால். "இது ஏமாற்று இல்லையா" என்று கூச்சத்தோடு கேட்டிருக்கிறார். லாம்போக் லைப்ரரி தானாக எழுதித் தரும் ஈக்வல்ஸ், ஹாஷ்கோடுக்கெல்லாம் டெஸ்ட் எழுதுவதுதான் ஏமாற்று, தாராளமாக விலக்குங்கள். ஒன்று மட்டும்: விலக்குப் பட்டியல் மாறும் ஒவ்வொரு முறையும் ஒருவர் ரிவ்யூ செய்யட்டும். நான் பார்த்த ஒரு புராஜெக்டில் அந்தப் பட்டியல் வளர்ந்து வளர்ந்து கடைசியில் "சர்வீஸ்" என்ற பேக்கேஜே உள்ளே போய்விட்டது.

80-க்கு இன்னும் ஆறு புள்ளி. கிளையன்டிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: கேட்டை மொத்தக் கோடுக்கு வைக்காமல் புதிதாக எழுதும், மாற்றும் வரிகளுக்கு மட்டும் வைக்கலாமா என்று. கோடின் தரத்தைப் பார்க்கும் சோனார்க்யூப் தானாகத் தரும் கேட்டே அப்படித்தான், புதுக் கோடில் 80. ஏழு வருடம் யாரும் தொடாமல் ஓடிக்கொண்டிருக்கும் ரிப்போர்ட் மாட்யூலுக்கு இப்போது போய் டெஸ்ட் எழுதி யாருக்கு லாபம்? கூகுள் தங்கள் ஆட்களுக்குச் சொல்லும் பொது அளவுகோல்கூட 60 பரவாயில்லை, 75 நன்று, 90 முன்மாதிரி என்றுதான் இருக்கிறது. மேனேஜரிடம் பேசும்போது அந்தப் பெயர் உதவும்.

"ஆய்வு ஏதாவது இருக்கிறதா, காட்டினால் நம்புவார்" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். 2014-இல் லாரா இனோசெம்ட்சேவா, ரீட் ஹோம்ஸ் இருவரும் ஐந்து பெரிய ஜாவா மென்பொருள்களுக்கு 31,000 டெஸ்ட் தொகுப்புகளை உருவாக்கி, ஒவ்வொன்றும் எத்தனை மியூட்டன்டைக் கொல்கிறது என்று பார்த்தார்கள். டெஸ்டுகளின் எண்ணிக்கையைச் சமமாக வைத்துப் பார்த்தால், கவரேஜுக்கும் பிழை பிடிக்கும் திறனுக்கும் உள்ள தொடர்பு குறைவிலிருந்து நடுத்தரம் வரைதான். டெஸ்ட் போடப்படாத இடத்தைக் கண்டுபிடிக்க வைத்துக்கொள்ளுங்கள், தர இலக்காக வைக்காதீர்கள் என்கிறார்கள். இந்த ஆய்வை வைத்து "கவரேஜே வேண்டாம்" என்று வாதாடுபவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்கள் தலைப்பைத் தாண்டிப் படிக்கவில்லை.

ஜனவரி 24, காலை 10:30

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நம் வீட்டைப் பார்க்காமல் இருக்கக் கூடாது என்று நேற்று இரவு எங்கள் பேமென்ட் மாட்யூலில் மட்டும் பிட்டை ஓடவிட்டுப் போனேன். அந்த மாட்யூலில் வரி 94, பிராஞ்ச் 91. காலையில் வந்து பார்த்தால் பிழைத்தவர்கள் 57. பாதி லாகிங் சம்பந்தப்பட்டவை, விட்டுத் தள்ளலாம். சமான மியூட்டன்ட் ஒன்பதோ பத்தோ, இந்த முறை அடையாளம் தெரிந்தது.

ஒன்றில் நின்றுவிட்டேன். மறுமுயற்சிக்கான லூப், முயற்சி < 3 என்று நானே எழுதியது. <= என்று மாற்றினால் எந்த டெஸ்டும் அழவில்லை. சரி, ஒரு டெஸ்ட் எழுதிக் கொன்றுவிடலாம் என்று உட்கார்ந்தேன், எதிர்பார்க்கும் எண்ணிக்கை என்ன போடுவது என்று யோசித்தபோதுதான் எனக்கே தெரியவில்லை என்று புரிந்தது. ஸ்பெக்கில் "மூன்று முறை மறுமுயற்சி" என்று இருக்கிறது. முதல் முயற்சியைச் சேர்த்து மூன்றா, அது போக மூன்றா? நான் எழுதியிருப்பது சேர்த்து மூன்று. புராடக்ட் ஓனரிடம் கேட்டேன். "அட, பேங்க் பக்கம் கேட்டுச் சொல்கிறேன்" என்றார்.

பதில் இன்னும் வரவில்லை. டெஸ்டை எழுதி, எண்ணிக்கையைக் காலியாக விட்டு, டிசேபிள் செய்து வைத்திருக்கிறேன். அந்த வரி முதலிலிருந்தே பச்சைதான், 94 அப்படியே 94-ஆக இருக்கிறது.